படுத்திருக்கும் குதிரையை எழுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதம் பகுதியில் ஏற்காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. குடும்பத்தோடு வந்து ஏரிக்குப் பக்கத்தில் தங்கியிருந்த ஒருவர் எழுதியிருந்தார். இரவு ஒரு மணிக்கு மேல் வேலி ஓரமாக ஒரு வெள்ளைக் குதிரை காலை நீட்டிக்கொண்டு செத்ததுபோலக் கிடந்ததாம். பக்கத்தில் இன்னொரு குதிரை பரிதாபமாக நின்றுகொண்டிருந்ததாம். பகலெல்லாம் சவாரிக்கு ஓட்டிவிட்டு ராத்திரி குளிரில் அநாதையாக விட்டுவிடுகிறார்கள், எல்லாக் குதிரைகளையும் லாயத்தில் கட்டிப்போட உத்தரவு போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்த வெள்ளைக் குதிரை என்னுடையது. பெயர் முத்து. பக்கத்தில் நின்றது ராணி, அதுவும் என்னுடையதுதான். முத்து சாகவில்லை, அதற்கு ஒரு நோயும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தது. ராணி அதற்குக் காவலாக நின்றது.

எழுதியவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வாயில்லாப் பிராணிக்காக மனசு பதறியவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் கேட்டபடி நடந்துவிட்டால் இந்தக் குதிரைகளுக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத் தூக்கமும் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

நான் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. என் அப்பா ஜட்கா ஓட்டியவர். ஜங்ஷனில் ரயில் இறங்குகிறவர்களை டவுனுக்கு ஏற்றி வருவார். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஆட்டோ வந்த பிறகு ஜட்கா நின்றுபோனது. என்னைக் கட்டிக்கொடுத்த வீடும் குதிரை வைத்திருந்த வீடுதான். என் வீட்டுக்காரர் ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருந்தார். அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது நானும் என் மகனும் நான்கு உருப்படிகளைப் பார்த்துக்கொள்கிறோம். ராணி செவலைப் பெட்டை, பதினேழு வயது. முத்து, கருப்பன் இரண்டும் காயடித்த ஆண்கள். சின்னி போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய சின்னப் பெட்டை.

ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டிருக்கிறோம். முள்கம்பி கிடையாது, மூங்கில் கழிதான். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். சாயங்காலம் சேணத்தை இறக்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, ஊறவைத்த கொள்ளும் தவிடும் கொடுத்து, கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவோம். மழை வந்தால் தானாகக் கொட்டகைக்குள் போகும். இல்லையென்றால் வெளியில்தான் இருக்கும். குளிரைப் பற்றி அந்த வாசகர் கவலைப்பட்டிருந்தார். குதிரை வயிற்றில் புல்லும் வைக்கோலும் செரிக்கும்போதே சூடு உண்டாகிறது. வயிறு நிறைய இருந்து, ரோமம் காய்ந்திருந்தால் மார்கழிப் பனியையும் அது தாங்கிக்கொள்ளும். அதற்குத் தாங்காதது வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குதிரை படுக்கவே படுக்காது, நின்றுகொண்டேதான் தூங்கும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட என்னிடம் வந்து அப்படிக் கேட்பார்கள். அது பாதிதான் சரி. நின்றுகொண்டே கண் அசருவது உண்மை. அதற்கென்றே அதன் கால்களில் ஒரு அமைப்பு இருக்கிறது. முன்னங்காலில் நரம்புபோல இறுகிய தசைநாண்கள் காலை மடங்காமல் பிடித்துக்கொள்ளும். பின்னங்காலில் முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேட்டில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பின்னங்காலைப் பூட்டிக்கொண்டு, இன்னொரு பின்னங்காலைக் குளம்பு நுனி மட்டும் தரையில் படும்படி தளர்த்தி வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். ஏரிக்கரையில் மத்தியான நேரத்தில் கீழ் உதடு தொங்க, காது பக்கவாட்டில் சரிய நிற்கிற குதிரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்தத் தூக்கம்.

ஆனால் அது அரைத் தூக்கம். நாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் அசருவோமே, அதுபோல. கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் உடம்புத் தசை முழுவதும் தளர்ந்துவிடும். நமக்கும் அப்படித்தான், குதிரைக்கும் அப்படித்தான். தசை தளர்ந்தால் நிற்க முடியுமா? அதற்காக அது படுத்தே ஆக வேண்டும். குதிரையின் மொத்தத் தூக்கமே ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான். அதில் இந்த ஆழ்ந்த தூக்கம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதையும் ஒரே மூச்சில் தூங்காது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று துண்டு துண்டாகத் தூங்கும். பெரும்பாலும் நடு இரவுக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் நடுவில்தான். ஊரே அடங்கின நேரம் பார்த்துத்தான் அது தரையில் உடம்பைச் சாய்க்கும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் ராத்திரியில் தூக்கம் குறைந்துவிட்டது. திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே வேலி, அதற்கப்பால் குதிரைகள். நாற்பது வருஷம் குதிரையோடு வாழ்ந்தவள் என்று சொல்லிக்கொள்வேனே தவிர, அவை எப்படித் தூங்கும் என்பதை அந்த ராத்திரிகளில்தான் முழுசாகப் பார்த்தேன்.

பத்து, பதினொரு மணி வரைக்கும் மேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் பதினாலு பதினைந்து மணி நேரம் மேய்கிற பிராணி அது. இருட்டில் உருவம் தெரியாவிட்டாலும் புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் 'கர்க் கர்க்'கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தச் சத்தம் நிற்கும். நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு உடம்பு தூரத்தில் வந்து நிற்கும். அப்புறம் முத்து தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பார்க்கும். ஒரு சுற்றுச் சுற்றும். ஈரமான இடத்தையும் கல் இருக்கிற இடத்தையும் விட்டுவிட்டு, சில்வர் ஓக் சருகு குவிந்து கிடக்கிற மேட்டுக்கு வரும். நான்கு காலையும் ஒன்றாகக் குவித்து, முன்னங்காலை மடக்கி, ஒரு பெருமூச்சோடு இறங்கும். முதலில் நெஞ்சு தரையில் பட, காலை மடித்துக்கொண்டு நாய்க்குட்டிபோலப் படுத்திருக்கும். மூக்கு மெல்ல மெல்லத் தரையைத் தொடும். ஐந்து நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு, ஒன்றும் பயமில்லை என்று தெரிந்த பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டி, நான்கு காலையும் பரப்பிக்கொள்ளும்.

இதைத்தான் அந்த வாசகர் பார்த்திருக்கிறார். முதல் தடவை பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைத்துத்தான் போகும். எனக்கும் அடைத்தது. ஒரு நாள் முத்து அப்படிக் கிடந்தபோது நான் வேலியைத் தாண்டி ஓடியிருக்கிறேன். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது. மேல் இமை முழுசாக மூடாமல் அதற்குள் கண்மணி அங்கும் இங்கும் ஓடியது. உதடு துடித்தது. பின்னங்கால் குளம்பு இரண்டு மூன்று தடவை காற்றை உதைத்தது. தொண்டைக்குள்ளேயே சன்னமாக ஒரு கனைப்பு. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. சேணம் இல்லாமல், யாரும் முதுகில் இல்லாமல் ஓடியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குள் என் காலடியில் ஒரு சருகு நொறுங்க, சட்டென்று முழித்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி ஊன்றி, ஒரே உந்தலில் எழுந்து உடம்பை உதறியது. மாடு எழுந்திருக்கும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரைக்கு முன்பக்கம் முதலில். எழுந்த அடுத்த நொடி ஓடத் தயாராக நிற்கும். அன்று ராத்திரி முத்து மறுபடி படுக்கவே இல்லை. என் பதற்றத்தால் அதன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நான் வேலியைத் தாண்டிப் போவதே கிடையாது.

முத்து படுத்திருக்கும்போது மற்ற மூன்றில் ஒன்றாவது கட்டாயம் நிற்கும். பெரும்பாலும் அது ராணிதான். அது நின்றபடி கண் அசரும், ஆனால் காது மட்டும் ஓயாது. ஒரு காது காப்பித் தோட்டத்துப் பக்கம், இன்னொரு காது ரோட்டுப் பக்கம். முத்து எழுந்த பிறகு கருப்பன் படுக்கும். கடைசியில், மூன்று மணிக்கு மேல், முத்து நிற்க ராணி படுக்கும். யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை. சின்னி வந்த புதிதில் நான்கு ராத்திரி படுக்கவே இல்லை. புது இடம், புதுக் கூட்டம். ஐந்தாவது ராத்திரி ராணி அதன் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் காலை மடக்கியது. காட்டெருமை தோட்டத்து ஓரம் இறங்கி வருகிற ராத்திரிகளில் நான்குமே படுக்காது. விடிய விடியத் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் பார்த்து நிற்கும். மறுநாள் சவாரியில் நடை மந்தமாக இருக்கும். அன்றைக்கு நாங்கள் பாதி நாள் விடுப்பு விட்டுவிடுவோம்.

சரி, இப்போது ராணிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் சித்திரையில் சீசன் ஆரம்பித்தபோது, எங்கள் நிலத்துக்கு மேலே உள்ள ஒரு தங்கும் விடுதியில் புதிதாக இரண்டு ஃபோகஸ் லைட் போட்டார்கள். வெள்ளை வெளிச்சம். அது அவர்கள் புல்தரையைத் தாண்டி நேராக எங்கள் வேலிக்குள் விழுந்தது. சருகு மேடு முழுவதும் பட்டப்பகல்போல ஆகிவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு. ஒரு மணிக்கு முன்னால் நிற்காது. வந்தவர்களில் சில பிள்ளைகள் வேலி ஓரமாக வந்து, செல்போன் டார்ச்சைக் குதிரையின் கண்ணுக்கு நேரே அடித்துப் படம் எடுத்தார்கள். குதிரைக் கண்ணுக்கு மங்கின வெளிச்சமே போதும். அதில் பளிச்சென்று அடித்தால் மறுபடி இருட்டுக்குப் பழக அதற்கு நம்மைவிட வெகு நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அது பயத்தில்தான் நிற்கும். ஒரு நாள் படுத்திருந்த கருப்பன்மேல் ஒரு கூழாங்கல் வந்து விழுந்தது. செத்துவிட்டதா என்று பார்ப்பதற்காகப் போட்டார்களாம். அந்தப் பையனிடம் நான் கேட்டபோது அவன் தப்பாகவே நினைக்கவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் காலையில் ராணிக்கு உடம்பு தேய்க்கும்போது, முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே இருக்கிற கணுவின் முன்பக்கம் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். முட்டியிலும் ரோமம் போய் வழவழவென்று இருந்தது. வேலியில் இடித்துக்கொண்டதா என்று மகனைக் கேட்டேன். அவன் ரோட்டில் இடறவே இல்லை என்றான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். ஆறிவரும், அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடி புதுசாக உரிந்திருக்கும். யாரோ ராத்திரியில் கல்லால் அடிக்கிறார்கள் என்று நினைத்து, மனசு கொதித்துப்போய், கையில் ஒரு தடியோடு விடிய விடிய உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை. மணி நான்கு இருக்கும். பாட்டு நின்று வெகு நேரமாகியும் அந்த வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ராணி கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. தலை மெல்லத் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. மூக்கு முட்டிக்குக் கீழே வந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. சட்டென்று முன்னங்கால் இரண்டும் மடங்கி, முட்டியும் கணுவும் தரையில் மோத, அது பாதி விழுந்து திடுக்கிட்டு எழுந்தது. எழுந்து கண்ணை உருட்டி நாலு பக்கமும் பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதேபோல. விடிவதற்குள் நான்கு தடவை. நான் தடியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். சின்ன வயதுக்காரர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வலிப்பு நோயோ என்று நான் பயந்துபோயிருந்தேன். அவர் முதலில் கேட்டது, "அம்மா, இது கடைசியாகப் படுத்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்றுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விலாவில், தொடையில், வாலில் மண்ணோ சருகோ ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எதுவும் இல்லை. "இது அடியும் இல்லை, வலிப்பும் இல்லை அம்மா. படுக்காமலே இருக்கிறது. சில நாள் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் உடம்பு கேட்காது. நிற்கும்போதே ஆழ்ந்த தூக்கம் வந்துவிடும், கால் விட்டுவிடும்" என்றார்.

ஏன் படுக்கவில்லை என்பதற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, வயசு. பின்னங்கால் மூட்டில் தேய்மானம் இருக்கிறது. படுத்தால் எழுந்திருக்க வலிக்கும் என்று தெரிந்த குதிரை படுக்க யோசிக்கும். இன்னொன்று, பயம். குதிரை ஓடித் தப்பிக்கிற பிராணி. படுத்துவிட்டால் அதற்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால் இடம் பத்திரம் என்று மனசுக்குத் தோன்றினால்தான் தரையில் சாயும். வெளிச்சமும் சத்தமும் இருக்கிற இடத்தில், மற்ற மூன்றும் படபடப்பாக இருக்கும்போது, கூட்டத்துக்குக் காவல் நிற்கிறது எப்படிப் படுக்கும்? வலியை மட்டும் சொல்லியிருந்தால் நான் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். பயத்தைச் சொன்னார், அதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியும் என்று தோன்றியது.

வலிக்கு மருந்து கொடுத்தார். சவாரியிலிருந்து ராணியை நிறுத்திவிடச் சொன்னார், நிறுத்திவிட்டோம். கொட்டகையின் பின்பக்கத்தில், வெளிச்சம் விழாத மூலையில், ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினோம். கால் வழுக்காமல் எழுந்திருக்கத் தரையில் மண்ணைக் கொட்டிக் கெட்டித்தோம். விடுதிக்கு நானே போனேன். காவல்காரர் நல்ல மனுஷர். "அக்கா, முதலாளியிடம் சொல்கிறேன்" என்றார். நான்கு நாள் கழித்து ஒரு லைட்டைத் திருப்பி வைத்தார்கள், இன்னொன்றைப் பதினொரு மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். அதற்கு நன்றி. பாட்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

தினமும் எப்போது படுத்தது, எப்போது எழுந்தது என்று குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். முதல் ஆறு நாள் வெறும் கோடு. ஏழாவது நாள்: "ராணி, 3.10, நெஞ்சு படுக்கை மட்டும், 8 நிமிஷம்." பதினோராவது நாள்: "2.50-லிருந்து 3.05, பக்கவாட்டில் சாய்ந்தது. முத்து பக்கத்தில் நின்றது." அந்தத் தாளை நான் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். கணுவில் இருந்த புண் இப்போது ஆறிவிட்டது. ரோமம் இன்னும் முளைக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு அப்பாவின் ஜட்காக் குதிரை ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. சந்துக்குள் ஒரு குதிரை நிற்கிற அகலத்துக்குத்தான் லாயம். கயிற்றில் கால் சிக்கிக்கொள்ளும் என்று அப்பா தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டுவார். தலையைத் தரைக்குக் கொண்டுபோகவே முடியாது. கீழே கருங்கல் பாவியிருக்கும். தெருவிளக்கு நேராக உள்ளே அடிக்கும். அந்தக் குதிரையின் முட்டியிலும் கணுவிலும் எப்போதும் தழும்பு இருக்கும். கல் ரோட்டில் இடறி விழுந்த தழும்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தியூர்ச் சந்தையில் குதிரை பார்க்கிறவர்கள் முதலில் முட்டியைத்தான் குனிந்து பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் தள்ளாடுகிற குதிரை என்று விலையைப் பாதியாகக் குறைப்பார்கள். அப்பாவும் கடைசியில் அதைப் பாதி விலைக்குத்தான் கொடுத்தார்.

அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. தான் சாப்பிடும் முன்னால் குதிரைக்குக் கொள்ளு வைத்தவர். லாடம் தேய்ந்திருந்தால் வண்டி பூட்டாதவர். அதற்கு ஒரு ஜுரம் என்றால் லாயத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டவர். ஆனால் அது படுத்துத் தூங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குதிரை எங்கள் வீட்டில் இருந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒரு தடவையும் அது படுத்துப் பார்த்ததில்லை. குதிரை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தத் தழும்பெல்லாம் கல் ரோட்டால் வந்தவைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தால் அவரிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

எனவே, கட்டிப்போடுங்கள் என்று கேட்கிற வாசகருக்கு என் பதில் இதுதான். குட்டைக் கயிற்றில் கட்டிய குதிரையும், திரும்பக்கூட முடியாத லாயத்தில் நிற்கிற குதிரையும் உங்கள் கண்ணுக்குப் பத்திரமாகத் தெரியும். ஆனால் அது படுத்துத் தூங்காது. நல்ல அகலமான, காய்ந்த படுக்கை போட்ட, பக்கத்துக் குதிரை கண்ணுக்குத் தெரிகிற லாயம் என்றால் அதில் படுக்கும். நான் அதற்கு எதிரி இல்லை. அப்படி ஒன்றைக் கட்ட எங்களைப்போன்றவர்களிடம் பணம் கிடையாது. வேலி போட்ட நிலத்தில் கூட்டமாக அவிழ்த்து விடுவதுதான் எங்களால் முடிந்த நல்ல ஏற்பாடு.

அவர் கடிதத்தில் ஒரு விஷயம் நியாயமானது, அதை ஒத்துக்கொள்கிறேன். சில பேர் வேலி இல்லாமல் ரோட்டிலேயே குதிரையை விட்டுவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் வளைவில் திரும்புகிற வண்டிக்குக் குதிரை நிற்பது தெரியாது. குதிரைக்கும் ஆபத்து, வண்டியில் வருகிறவர்களுக்கும் ஆபத்து. இரவில் தார் சூடாக இருப்பதால் ரோட்டு ஓரத்தில் வந்து நிற்கிற குதிரை எதுவும் அங்கே நிம்மதியாகப் படுக்கப்போவதும் இல்லை. இதை எங்கள் ஆட்களிடம் நானே பல தடவை சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நிலம் இல்லாதவன் எங்கே விடுவான்? வண்டி இழுக்கிற, சுமை தூக்குகிற பிராணிகளுக்கு மத்திய அரசு 1965-லேயே விதி போட்டிருக்கிறது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று. பகல் வேலைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறபோது ராத்திரி படுக்கைக்கும் ஒரு இடம் இருக்க வேண்டாமா? ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பொதுவாக ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வேலி போட்டு, விளக்கு வைக்காமல், சவாரிக் குதிரைகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தால் நாங்கள் வாடகை கொடுக்கவும் தயார். எங்கள் மாவட்டத்திலேயே தலைவாசலில் அவ்வளவு பெரிய கால்நடைப் பூங்கா வந்திருக்கிறது. மலை மேல் குதிரைக்கு இரண்டு ஏக்கர் என்பது பெரிய கோரிக்கை இல்லை.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரியில் குதிரை கீழே கிடப்பதைப் பார்த்தால் டார்ச் அடிக்காமல், கல் போடாமல், கூப்பிடாமல், இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தூங்குகிற குதிரை சீராக மூச்சு விடும். பக்கத்தில் இன்னொன்று அமைதியாக நிற்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக எழுந்து, உதறிவிட்டு, மேயப் போய்விடும். அவ்வளவு கனமான உடம்பு ஒரே பக்கமாக வெகு நேரம் கிடந்தால் நுரையீரல் அமுங்கும் என்பதால் அதுவே ரொம்ப நேரம் சாய்ந்து கிடக்காது. வயிற்று வலி வந்த குதிரை வேறு மாதிரி. படுக்கும், எழும், மறுபடி படுக்கும். புரளும். தலையைத் திருப்பி வயிற்றையே பார்க்கும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும். குளிரிலும் வியர்த்திருக்கும். தீனியைத் தொடாது. அப்படிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம், எங்களை எழுப்புங்கள். யார் குதிரை என்று தெரியாவிட்டால் கால்நடை அவசர ஊர்திக்கு 1962-ல் கூப்பிடுங்கள். குதிரைக்கு வயிற்று வலி என்றால் விடிவதற்குள் உயிரே போய்விடலாம். அந்த நேரத்தில் உங்கள் பதற்றம்தான் எங்களுக்குப் பெரிய உதவி.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விளக்கை உங்கள் வாசலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். பதினொரு மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்துங்கள். கேம்ப் ஃபயருக்கு வருகிறவர்களிடம், வேலிக்கு அப்பால் குதிரைகள் தூங்குகின்றன என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொன்னால் கேட்பார்கள். கல் போட்ட அந்தப் பையனை மறுநாள் ராத்திரி நானே கூப்பிட்டு என் திண்ணையில் உட்கார வைத்தேன். அவன் அம்மாவும் வந்தார். டார்ச் இல்லாமல், பேசாமல், முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தோம். மேகம் விலகி நிலா வெளியே வந்த நேரம், முத்து காலை மடக்கி இறங்கியது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, அது தூங்குதா?" என்று காதோடு கேட்டான். அதற்கப்புறம் அவன் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

சென்ற வாரம் கடிதம் எழுதிய வாசகர் மறுபடி ஏற்காட்டுக்கு வந்தால் அவரும் வரட்டும். ஏரிக்கரையில் செவலைக் குதிரைக்காரம்மா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கம்பளி எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்று மணி வரை விழித்திருக்க முடிந்தால் ராணி படுப்பதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சவாரிக் குதிரை வளர்க்கும் ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.